வேர் மருந்தும் தாங்காத வயிறும்

அமுக்கராப் பொடியை வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டுமா, சாப்பாட்டுக்குப் பிறகா? பாலிலா, வெந்நீரிலா? நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் ஒரு விடை வரும். சித்த மருத்துவர் வேறொன்று சொல்வார். கேப்சூல் டப்பாவின் மேல் மூன்றாவதாக ஒன்று அச்சாகியிருக்கும். கேட்பவரோ பெரும்பாலும் ஏற்கெனவே சாப்பிட்டுப் பார்த்துக் குமட்டலோ, நெஞ்செரிச்சலோ, வயிற்றுப் பொருமலோ கண்டவர். அவருக்குத் தெரிய வேண்டியது இரண்டு: இந்த வேர் தன் வயிற்றுக்கு ஏன் ஒத்துக்கொள்ளவில்லை, ஒத்துக்கொள்ளும்படி அதைச் சாப்பிட வழி உண்டா.

இந்தக் கேள்விக்கு இரண்டாயிரம் ஆண்டு அளவில் விடைகள் சேர்ந்திருக்கின்றன. ஒரு சாரார் குற்றத்தை வேளையின் மேல் வைத்தார்கள், வேறு சிலர் வேரில் உள்ள வேதிப்பொருளின் மேல் வைத்தார்கள். பக்குவம் செய்யாமல் கொடுத்ததே தவறு என்றவர்கள் உண்டு; சாப்பிடுபவரின் எதிர்பார்ப்பே பாதிக் காரணம் என்பவர்களும் உண்டு. அமுக்கரா, தண்ணீர்விட்டான் கிழங்கு, அதிமதுரம் ஆகியவற்றோடு, தாவரவியல் கணக்கில் மட்டத்தண்டுகளான மஞ்சளையும் சுக்கையும் இங்கே வேர் மருந்துகளாகவே எடுத்துக்கொள்கிறேன். கடையிலும் வயிற்றிலும் அவை ஒரே வரிசையில்தான் வருகின்றன.

பத்து வேளைகள்

சுசுருத சம்ஹிதையின் உத்தர தந்திரம் மருந்து உண்ணும் வேளைகளைப் பத்தாகப் பகுக்கிறது: உணவே இல்லாமல், உணவுக்கு முன், உணவுக்குப் பின், உணவின் நடுவில், இரண்டு உணவுகளுக்கு இடையில், உணவோடு கலந்து, உணவுக்கு முன்னும் பின்னுமாக, அடிக்கடி சிறுகச் சிறுக, கவளத்தோடு, கவளங்களுக்கு நடுவே. வெறும் வயிற்றில் உண்ட மருந்து வலுவாக வேலை செய்யும் என்கிறது அந்த நூல். அதே இடத்தில், குழந்தைகளும் முதியவர்களும் பெண்களும் மென்மையான உடல்வாகு உள்ளவர்களும் அப்படி உண்டால் தளர்ந்துபோவார்கள் என்றும் எச்சரிக்கிறது. வலுக்குறைந்தவர்களுக்கும் மருந்தைக் கண்டாலே வெறுப்பவர்களுக்கும் உணவோடு கலந்து தரும் முறை சொல்லப்பட்டிருக்கிறது.

இதை நினைவூட்டுவது அவசியம் என்று கருதுகிறேன். எந்த மூலிகையாக இருந்தாலும் காலையில் வெறும் வயிற்றில் சாப்பிட்டால்தான் பலன் என்பது மரபின் பொதுவிதிபோல இன்று பரவியிருக்கிறது. மரபு அதை எல்லோருக்கும் சொல்லவில்லை. தாங்காத வயிற்றுக்கு வேறு வேளையை அது தெளிவாகவே ஒதுக்கி வைத்திருந்தது.

ஆனால் இந்த வகைப்பாடு பிறந்தது நோயாளியைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்த அனுபவத்திலிருந்து. எந்த வேருக்கு எந்த வேளை என்று ஒன்றோடொன்றை ஒப்பிட்டு அளந்து எழுதப்பட்டதல்ல. பத்து வேளைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நாடி பார்க்கத் தெரிந்த மருத்துவர் எதிரில் இருக்க வேண்டும். தபாலில் வந்து சேரும் டப்பாவுக்கு அந்த வசதி இல்லை.

பக்குவமும் துணைமருந்தும்

மரபின் இரண்டாவது விடை இன்னும் செறிவானது. சித்த மருத்துவத்தில் சரக்கை அப்படியே இடித்துக் கொடுப்பதில்லை. முதலில் சுத்தி செய்ய வேண்டும். வசம்பைச் சுட்டுக் கரியாக்கிப் பயன்படுத்துவது வீடுகளிலும் தெரிந்த முறை. சுடாத வசம்பு அளவு மீறினால் வாந்தி எடுக்க வைக்கும். அமுக்கராவுக்குப் பிட்டவியல். ஒரு பானையில் பாதிக்குப் பாலும் நீருமாக ஊற்றி, வாயில் துணி கட்டி, துணியின் மேல் பொடியைப் பரப்பி, மூடி, ஆவியில் வேகவைப்பார்கள். பிறகு உலர்த்தி மறுபடி இடித்துச் சலிப்பார்கள். பச்சை வேரின் காரமும் நெடியும் இதில் தணியும் என்பது மருத்துவர்களின் கருத்து.

அதன் பிறகும் அமுக்கரா தனியாகப் போவதில்லை. அமுக்கராச் சூரணத்தின் பாகங்களைப் பார்த்தால் இது விளங்கும். கிராம்பு 1 பங்கு, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128 என்று ஒவ்வொன்றும் முந்தியதைப்போல் இரு மடங்காகிக்கொண்டே போகும். மொத்தம் 255 பங்கில் அமுக்கரா கால்வாசி; சர்க்கரை பாதி; சுக்கு எட்டில் ஒன்று. வெருகடி அளவு சூரணத்தைப் பாலில் குழைத்துச் சாப்பிட்டவரின் வயிற்றுக்குள் போன அமுக்கரா மிகக் கொஞ்சம். அதுவும் வெந்தது, செரிமானத்துக்கு உதவும் சரக்குகளோடு வந்தது.

துணைச்சரக்குகளின் தேர்வுக்கு இன்றைய ஆய்வில் ஓரளவு ஆதாரம் இருக்கிறது. தைவானில் 24 ஆரோக்கியமானவர்களை வைத்து நடந்து 2008இல் வெளிவந்த ஆய்வில், 1.2 கிராம் இஞ்சி எடுத்துக்கொண்டபோது இரைப்பையில் உள்ளதில் பாதி வெளியேற எடுத்த நேரம் சுமார் 27 நிமிடத்திலிருந்து 13 நிமிடமாகக் குறைந்தது. தண்ணீர்விட்டான் கிழங்குப் பொடியும் இரைப்பை காலியாவதை விரைவுபடுத்துகிறது என்று 1990இல் ஒரு மும்பை ஆய்வு சொன்னது. ஆனால் அதில் பங்கேற்றவர்கள் 8 பேர்தான். இவ்வளவு சிறிய எண்ணிக்கையை நம்பி விதி எழுத முடியாது. தவிர, இரைப்பை சீக்கிரம் காலியாவது உப்புசக்காரருக்கு நல்லது. நெஞ்செரிச்சல்காரருக்கு அதே சுக்கும் மிளகும் திப்பிலியும் எரிச்சலைக் கூட்டலாம். பழைய சூரணம் எல்லா வயிற்றுக்கும் இதமானது என்று சொல்ல இயலாது.

பாலின் கதையும் அப்படித்தான். பால் வேரின் காரத்தை அடக்கும் என்பது மரபு. ஆனால் வளர்ந்த பிறகு பால் சர்க்கரையைச் செரிக்க முடியாதவர்கள் தென்னாட்டில் மிகுதி. 1981இல் வெளிவந்த ஓர் இந்திய ஆய்வு, பரிசோதிக்கப்பட்ட தென்னிந்தியரில் மூன்றில் இரண்டு பங்கினருக்கும், வடஇந்தியரில் கால்வாசிக்குச் சற்றுக் கூடுதலானவர்களுக்கும் இந்தக் குறை இருப்பதாகக் கண்டது. ஒரு பெரிய டம்ளர் பாலில் பொடியைக் கலந்து குடித்துவிட்டு, வயிறு இரைகிறது, பேதியாகிறது என்று அமுக்கராவைக் கைவிட்டவர்களில் சிலருக்கு உண்மையில் ஒத்துக்கொள்ளாதது பாலாக இருந்திருக்கக்கூடும். அரை டம்ளருக்குக் குறைவான பாலைப் பெரும்பாலானோர் தாங்குவார்கள். அதுவும் ஆகாதவர்களுக்கு வெந்நீரோ கஞ்சியோ போதும். நெய்யிலும் இதே இருபுறமும் உண்டு. மஞ்சளின் குர்குமின் கொழுப்பில் கரையும், ஆகவே நெய் அதற்கு உதவும். ஆனால் கொழுப்பு இரைப்பையை மெதுவாக்கும். சிறிது சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடுகிறது என்பவருக்கு அது சுமைதான்.

வேரில் உள்ள குணம்

நவீன மருந்தியலின் விடை வேறு திசையிலிருந்து வருகிறது. வேர் தாவரத்தின் சேமிப்புக் கிடங்கு; மண்ணுக்குள் பூச்சிக்கும் பூஞ்சைக்கும் நடுவே பல காலம் கிடக்க வேண்டியது. அதனால் கசப்பு, காரம், துவர்ப்பு, நுரை தரும் பொருள்கள் அதில் செறிந்திருக்கின்றன. தண்ணீர்விட்டான் கிழங்கிலும் அதிமதுரத்திலும் நுரைக்கும் சபோனின்கள் உண்டு. சபோனின்கள் குடலின் உட்சவ்வை உறுத்தவல்லவை. துவர்ப்பான டானின்கள் வெறும் வயிற்றில் குமட்டல் தருவதை, காலையில் கடுந்தேநீர் குடித்தவர்கள் அறிவார்கள். கசப்பை உணரும் ஏற்பிகள் நாக்கில் மட்டுமல்லாமல் இரைப்பையிலும் குடலிலும் இருக்கின்றன. ஐரோப்பாவில் ஜென்ஷியன் வேரைப் பசியைத் தூண்ட உணவுக்கு முன் தருகிறார்கள். வயிற்றுப்புண் உள்ளவர்களுக்கு அது கூடாது. கலஹாரிப் பாலையில் விளையும் ‘டெவில்ஸ் கிளா’ கிழங்கு மூட்டுவலிக்குப் பேர்பெற்றது. அதற்கும் அதே தடை. இபிகாக் வேரை வாந்தி எடுக்க வைக்கவே நெடுங்காலம் பயன்படுத்தியதும் உண்டு.

இந்த விளக்கம் உண்மை, ஆனால் முழுமையானதல்ல. குணம் என்பது அளவோடு சேர்ந்ததுதான். வேர்களில் உள்ள இனுலின் போன்ற நார்ச்சர்க்கரைகள் குடலில் புளித்து வாயுவை உண்டாக்கும் என்று அடிக்கடி எழுதப்படுகிறது. சிக்கரி வேரிலிருந்து எடுத்த இனுலினை 10 கிராமுக்கு மேல் உண்பவருக்கு அது பொருந்தும். அரை கிராம் கேப்சூல் விழுங்கியவரின் உப்புசத்துக்கு அதைக் காரணம் காட்டுவது கணக்குக்கு ஒத்துவராது. மேலும், ஒரே வேர் இரண்டு வேலையும் செய்கிறது. தாய்லாந்தில் 206 பேரைச் சேர்த்து நடத்தி 2023இல் வெளியிடப்பட்ட ஆய்வு, காரணம் தெரியாத அஜீரணத்துக்கு நாளுக்கு 2 கிராம் குர்குமினை ஒமிப்ரசோலோடு ஒப்பிட்டது. நான்கு வாரத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு நிவாரணம் தந்தன. மஞ்சள் சாப்பிட்டு நெஞ்செரிச்சல் வந்தது என்பவரும் இருக்கிறார், மஞ்சள் சாப்பிட்டு அஜீரணம் தீர்ந்தது என்பவரும் இருக்கிறார். வேரின் குணப்பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு இருவரையும் விளக்க முடியாது.

பொடி வேறு, சாறு வேறு

இந்த விவாதம் முழுவதிலும் போதிய கவனம் பெறாதது வடிவ மாற்றம்தான் என்பது என் மதிப்பீடு. பாட்டன் காலத்து அமுக்கரா பொடியாகவோ லேகியமாகவோ இருந்தது. இன்று விற்பதில் பெரும்பகுதி கரைப்பானால் பிழிந்து செறிவூட்டிய சாறு. அமுக்கரா குறித்து அதிகம் எடுத்துக்காட்டப்படும் 2012ஆம் ஆண்டின் இந்திய ஆய்வில், மன அழுத்தம் உள்ள 64 பேருக்கு 60 நாள்கள் தரப்பட்டது 300 மில்லிகிராம் செறிவுச் சாறு, நாளுக்கு இருமுறை. அந்த ஆய்வின் முடிவைப் பொடிக்கும், பொடியின் பழைய பத்தியத்தைச் சாற்றுக்கும் மாற்றி மாற்றிப் பொருத்துவது வியாபாரத்தில் சாதாரணமாகிவிட்டது. பால், வேகவைத்தல், சுக்கு, சர்க்கரை எல்லாம் போய்விட்டன. பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது. வேர்தான் மருந்து, இலை அல்ல என்பதையே ஆயுஷ் அமைச்சகம் 2021இல் உற்பத்தியாளர்களுக்கு அறிவுறுத்த வேண்டியிருந்தது.

மஞ்சளில் இந்த மாற்றம் இன்னும் தூரம் போனது. குர்குமின் உடலில் எளிதில் சேராது. 1998இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியினர், மிளகிலுள்ள பைபரினை 20 மில்லிகிராம் சேர்த்தால் மனிதர்களில் அது சேரும் அளவு 2000 சதவீதம் கூடுகிறது என்று காட்டினார்கள். அன்று முதல் மஞ்சள் கேப்சூலில் மிளகுச் சாறு சேர்ப்பது வழக்கமானது. 2019இல் இத்தாலியில் மஞ்சள் கேப்சூல்களைத் தொடர்ந்து கல்லீரல் அழற்சி கண்டவர்கள் பற்றிய செய்தி வந்து, அரசே எச்சரிக்கை விடுத்தது. குழம்பில் போடும் மஞ்சளுக்கு இந்தப் பெயர் வந்ததில்லை. உடலில் கூடுதலாகச் சேர்வதை வெற்றியாக மட்டும் பார்க்கக்கூடாது என்பதற்கு இது நல்ல சான்று.

இதமாக இருப்பது போதுமா?

அதிமதுரத்தின் வரலாற்றைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நெதர்லாந்தில் ஹேரன்வேன் என்ற ஊரில், உள்ளூர் மருந்தாளர் தந்த அதிமதுரக் கலவையால் வயிற்றுப்புண் ஆறுவதை மருத்துவர் ரெவர்ஸ் கவனித்தார். 1946இல் அதை எழுதினார். ஆனால் அவருடைய நோயாளிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு முகமும் கைகால்களும் வீங்கின. வயிற்றுக்கு அது இதமாகத்தான் இருந்தது. தொந்தரவு வேறிடத்தில் நடந்துகொண்டிருந்தது. அதிமதுரத்தின் கிளைசிரைசின் சிறுநீரகத்தில் ஒரு நொதியைத் தடுக்கிறது. அதனால் உடலில் உப்பும் நீரும் தேங்கி, பொட்டாசியம் இறங்கி, இரத்த அழுத்தம் ஏறுகிறது. அதே வேரிலிருந்து 1960களில் பிரிட்டனில் கார்பெனாக்சலோன் என்ற அல்சர் மாத்திரை வந்தது. அதுவும் இதே சிக்கலில் மாட்டியது. 1976இல் சிமெட்டிடின் வந்ததும் படிப்படியாக ஒதுங்கியது. நாளுக்கு 100 மில்லிகிராம் கிளைசிரைசினுக்கு மேல் வேண்டாம் என்பது ஐரோப்பிய ஒன்றிய நிபுணர் குழுவின் வரம்பு. கிளைசிரைசின் நீக்கிய அதிமதுரம் இந்தச் சிக்கலுக்குக் கண்ட மாற்று. இரத்த அழுத்தக்காரர்கள் அதைத் தேடுவது நியாயம்.

அமுக்கராவின் பக்கத்தில் இதற்கு நேர் எதிரான பாடம் கிடைக்கிறது. 2020இல் ஐஸ்லாந்து, அமெரிக்க மருத்துவர்கள் அமுக்கராவை ஒட்டிக் கல்லீரல் பாதிப்பு கண்ட 5 பேரைப் பற்றி எழுதினார்கள். சாப்பிடத் தொடங்கி 2 முதல் 12 வாரங்களுக்குள் மஞ்சள் காமாலையும் அரிப்பும் வந்தன. குமட்டலும் வயிற்று அசௌகரியமும் அவற்றோடு இருந்தன. ஐந்து பேரும் தேறினர். இது அரிதானது, உலகெங்கும் இதைச் சாப்பிடுபவர்களின் கூட்டத்தோடு ஒப்பிட்டால் மிக அரிது. ஆனாலும் டென்மார்க் 2023இல் அமுக்கராவையே தடை செய்தது. அது மிகையான முடிவு என்று பலர் கருதுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: குமட்டல் எல்லாமே வேளையை மாற்றிச் சரிசெய்ய வேண்டிய சங்கடம் அல்ல. சில வேளை அதுவே முதல் தகவல். அதை நெய்யாலும் தேனாலும் அடக்கிவிட்டு மருந்தைத் தொடர்வது ஆபத்தாகலாம்.

வேரோடு வந்தவை, மனதில் இருந்தவை

வேர் மண்ணிலிருந்து வருகிறது. சரியாகக் கழுவி உலர்த்தாத பொடியில் கிருமியும் பூஞ்சணமும் இருக்கக்கூடும். வங்கதேசத்தில் மஞ்சளுக்கு நிறம் ஏற்ற ஈயக் குரோமேட் கலந்தது 2019இல் ஆய்வாளர்களால் வெளிக்கொணரப்பட்டு, அரசு நடவடிக்கையால் பின்னர் கட்டுக்குள் வந்தது. ஈயம் உடலில் ஏறினால் வயிற்றுவலி ஓர் அறிகுறி. மாறி வந்த வேரால் நேர்ந்த கொடுமைக்குப் பெல்ஜியம் சாட்சி: 1990களின் தொடக்கத்தில் உடல் இளைக்கத் தந்த சீன மூலிகைக் கலவையில் ஒரு வேருக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா புகுந்து, பல பெண்களின் சிறுநீரகம் செயலிழந்தது. வயிற்றுக்கு ஒத்துக்கொண்டது என்பது சரக்கு சரியானது என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

எதிர்பார்ப்பின் பங்கையும் ஒதுக்க முடியாது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையைப் பக்கவிளைவால் நிறுத்திய 60 பேரை வைத்து 2020இல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வு, உண்மை மாத்திரையில் வந்த தொந்தரவில் 90 சதவீதம் வெற்று மாத்திரையிலும் வந்தது என்று காட்டியது. வேர் மருந்துக்கு இதை அப்படியே எடுத்துவைக்கக் கூடாது. கசப்பும் நெடியும் உள்ள பொடிக்கு வெற்று ஜோடி தயாரிப்பதே கடினம். ஆயினும், பயந்துகொண்டே விழுங்கும் முதல் வேளை பொடிக்கு வயிறு முன்கூட்டியே சுருங்கும் என்பதை ஏற்கலாம். இதைச் சொல்லி, தொந்தரவு கண்டவரைப் பொய் சொல்பவராக்குவது அநியாயம். வலி அவருக்கு உண்மைதான்.

இன்றைய நிலையில்

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், ஒத்துக்கொள்ளாத வயிறு உள்ளவருக்குச் சில விஷயங்களை ஓரளவு துணிந்து சொல்லலாம். உணவுக்குப் பிறகு, அல்லது உணவின் நடுவில் எடுப்பது பெரும்பாலான வேர்களுக்குப் பொருந்தும். பழைய நூலும் இன்றைய மருத்துவரும் இதில் ஒன்றுபடுகிறார்கள். சொன்ன அளவில் கால் பங்கில் தொடங்கி, சில நாள்களுக்கு ஒருமுறை சிறிது கூட்டலாம். ஒரே நேரத்தில் இரண்டு புது வேர்களைத் தொடங்கினால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பிறகு கண்டுபிடிக்க வழியில்லை. பொடியைப் பாலில்தான் சாப்பிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கேப்சூலை நிறையத் தண்ணீரோடு விழுங்கி அரை மணி நேரமாவது நிமிர்ந்து இருக்க வேண்டும். படுக்கப்போகும்போது ஒரு மிடறு நீரோடு விழுங்கியது உணவுக்குழாயிலேயே ஒட்டிக்கொண்டு எரியும். செறிவுச் சாறு தாங்காதவர் பொடிக்கோ குடிநீருக்கோ மாறிப் பார்க்கலாம், மிளகுச் சாறு சேர்ந்ததைத் தவிர்க்கலாம்.

தைராய்டு மாத்திரை காலையில் வெறும் வயிற்றில் சாப்பிடுபவர் அதோடு எந்த வேரையும் சேர்க்கக்கூடாது. அமுக்கரா தைராய்டு அளவையே மாற்றக்கூடியது. கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் அமுக்கராவோ அதிமதுரமோ எடுக்க வேண்டாம். மலம் கருத்தாலும், கண் மஞ்சளித்தாலும், சிறுநீர் அடர்ந்தாலும், வாந்தி நிற்காவிட்டாலும் மருந்தை அன்றே நிறுத்தி மருத்துவரிடம் போக வேண்டும். சுக்கு சேர்த்துப் பார்ப்பதற்கு அது நேரமில்லை.

முடியாத கேள்விகளும் இருக்கின்றன. பிட்டவியல் செய்த அமுக்கராவையும் செய்யாததையும் ஒரே வயிற்றுநோயாளிகளுக்குக் கொடுத்து, யாருக்குக் குமட்டல் குறைகிறது என்று அளந்து காட்டும் பெரிய சோதனை தேவை. வேதிப்பொருள் அளவு மாறுவதைச் சோதனைக்கூடத்தில் காட்டினால் மட்டும் போதாது. சூரணத்தில் உள்ள சுக்கு உண்மையில் வயிற்றைக் காக்கிறதா, அல்லது அமுக்கராவின் அளவு கால்வாசியாகக் குறைந்ததே காரணமா என்பதைப் பிரித்துப் பார்ப்பது அரிய வேலையல்ல. தனி அமுக்கரா, அதே அளவு அமுக்கராவோடு முழுச் சூரணம் என்று இரண்டு குழுக்கள் போதும். ஆரோக்கியமானவர்களையே தேர்ந்தெடுத்து நடத்தும் ஆய்வுகள், நாள்பட்ட அஜீரணமும் குடல் எரிச்சலும் உள்ளவர்களைத் தொடக்கத்திலேயே விலக்கிவிடுகின்றன. இந்த மருந்துகளைத் தேடி வருபவர்களில் அவர்கள் கணிசமானவர்கள். அவர்களைச் சேர்த்து ஆய்வு நடக்கும் வரை, டப்பாவின் மேல் அச்சிட்டிருக்கும் வேளையும் அளவும் வேறு யாருடைய வயிற்றையோ கொண்டு எழுதப்பட்டவையாகவே இருக்கும்.